முத்துப்பேச்சி கை நனைக்காத பந்தி

நரிக்குடியிலிருந்து அருப்புக்கோட்டை வரைக்கும் எத்தனையோ பேர் குடலைச் சுமந்துகொண்டு திரிகிறார்கள். ஆனால் முத்துப்பேச்சியின் குடலைப் போல ஒரு குடல் ஏழு தாலுகாவிலும் கிடையாது. சித்திரைத் தேர் மாசி வீதிகளைச் சுற்றுவதுபோல, கேமரா ஒன்று விளக்குப் போட்டுக்கொண்டு அதற்குள் ஒரு மூலை விடாமல் சுற்றி வந்து நிலைக்கு நின்றிருக்கிறது. சாதாரண ஆட்களுக்குச் செத்தபிறகுதான் பன்னீர் தெளிப்பார்கள். முத்துப்பேச்சிக்கு உயிரோடு இருக்கும்போதே, அதுவும் உள்ளுக்குள்ளே, நீலச் சாயம் தெளித்தார்கள். மதுரையில் படித்த டாக்டர்கள் வரிசையில் நின்று அதைப் பார்த்து மூக்கின்மேல் விரல் வைத்தார்கள். விரலைக் கழுவிவிட்டுத்தான்.

அருப்புக்கோட்டையில் பந்தல்குடி ரோட்டில் மாட்டுத் தீவனக் கடை வைத்திருப்பவள் முத்துப்பேச்சி. பருத்திக்கொட்டை, புண்ணாக்கு, தவிடு. மூட்டை தூக்குவது புருஷன் பூமிநாதன், வாய் முத்துப்பேச்சியுடையது. பத்தாவதோடு நின்றுபோன மகன் ஒருவனும் உண்டு. அவனைப் பற்றிச் சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றுமில்லை.

அவளுக்குக் கோபம் வர ஆள் தேவையில்லை. புண்ணாக்கில் மண் இருந்தால் லாரிக்காரன்மேல் கோபம். மழை பெய்யாவிட்டால் மேகத்தின்மேல் கோபம். பெய்தால், ஒழுகுகிற தகரத்தின்மேல் கோபம். இதெல்லாம் பொழுது விடிந்தால் வந்து, பொழுது சாய்ந்தால் போகிற கோபம். போகாத கோபம் ஒன்று இருந்தது. அது அண்ணன் மாரிக்கண்ணன் செத்ததால் வந்தது.

மாரிக்கண்ணனுக்கு வெளிக்குப் போகும்போதெல்லாம் ரத்தம் போயிருக்கிறது. மூலம் என்று அவரே முடிவு கட்டித் துத்திக்கீரை தின்றார். அப்புறம் திருச்சுழிப் பக்கம் யாரோ கொடுத்த பொட்டலத்தைத் தின்றார். பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லை, வெட்கம். கடைசியில் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய் வந்தபிறகும், தங்கச்சி கடையில் வந்து நின்று, "மூத்தவ கல்யாணம் முடியட்டும், அப்புறம் பார்ப்போம்" என்று தள்ளிப்போட்டார். கல்யாணம் முடிந்தது. குடலில் இருந்த புற்று அதற்குள் ஈரல் வரைக்கும் போயிருந்தது.

துஷ்டி கேட்க வந்தவர்களிடமெல்லாம் மாரடைப்பு என்று சொல்லச் சொன்னது தம்பி மருதுபாண்டி. நரிக்குடிப் பக்கம் கண்மாய்ப் பாசனத்தில் நாலு வயலும் ஒரு கிடை ஆடும் வைத்திருக்கிறவர். கல்யாண வயதில் ஒரு மகளும் இருந்தாள், ஜோதிகா. "இந்த நோவு பரம்பரையா வரும்னு வெளிய தெரிஞ்சா எம் மகளை எவன் கட்டுவான்? யாரும் வாயத் திறக்கக் கூடாது" என்றார்.

மாரிக்கண்ணனைப் பார்த்த டாக்டர், கூடப்பிறந்தவர்கள் எல்லாரும் குடலைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லியிருந்தார். முத்துப்பேச்சி பார்த்துக்கொண்டாள். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கேமராவை விட்டு எடுத்துவிட்டு, சுத்தமாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். அவள் திருச்சுழிக் கோயிலுக்குப் போய் விளக்குப் போட்டுவிட்டு வந்தாள். ஆனால் கொஞ்ச நாளில் ஒரு தவிட்டு மூட்டையை நகர்த்தினால் மூச்சு வாங்கியது. கண்ணின் கீழ்த்தோல் வெள்ளைச்சீலை மாதிரி வெளுத்துவிட்டது.

மதுரையில் ஒரு லேடி டாக்டர் ரத்தத்தைச் சோதித்துவிட்டு, "திரும்ப ஒரு தடவை குடலைப் பார்த்துருவோம்மா" என்றார்.

"சுத்தமா இருக்குன்னு சொல்லியாச்சே."

"சில கட்டி காளான் மாதிரி எந்திரிச்சு நிக்கும், சட்டுன்னு தெரியும். சிலது தோலோட தோலாத் தட்டையா ஒட்டிக்கிட்டுக் கிடக்கும். நல்ல டாக்டர் கண்ணுக்கே தப்பிரும். நான் நீலச் சாயத்தத் தெளிச்சுப் பார்க்குறேன்."

முத்துப்பேச்சிக்குச் சுருக்கென்றது. "ஏம்மா, வெட்டுறதுக்கு முன்னாடி கெடாவுக்கு மஞ்சத்தண்ணி தெளிப்போமே, அந்த மாதிரியா?"

"ஆமா. ஆனா நீங்க தலைய ஆட்டுனாத்தான் நான் வெட்டுவேன்" என்றார் டாக்டர்.

முத்துப்பேச்சி தலையை ஆட்டினாள். அவளையும் மடக்கிப் பேச ஒரு ஆள் உண்டென்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அரை மயக்கத்தில் பக்கத்து டிவியை அவளும் பார்த்தாள். முதலில் வெறும் இளஞ்சிவப்பு, வழுவழுவென்று. குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறகு சாயம் பாய்ந்தது. மழை வெறித்த மறுநாள் கண்மாய்க்குள் பள்ளத்திலெல்லாம் தண்ணீர் நின்று மேடெல்லாம் தனியாகத் தெரியுமே, அப்படி மடிப்புக்குள் நீலம் தேங்கியது. ஒரு மடிப்பின் ஓரத்தில் நீலம் ஏறாத ஒரு திட்டு. இவ்வளவு நேரமும் அங்கேயேதான் கிடந்திருக்கிறது, ஊமைக் கள்ளன் மாதிரி. டாக்டர் அதன் அடியில் ஊசி போட்டு உப்பவைத்து, அறுத்து எடுத்தார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த பூமிநாதன் சட்டையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பாவம், மூட்டை தூக்கிய உடம்பு.

எடுத்ததைச் சோதித்ததில், இன்னும் புற்றாகவில்லை, விட்டிருந்தால் ஆகியிருக்கும் என்று வந்தது. மறுநாள் கக்கூசில் நீலமாகப் போனதைப் பார்த்துக்கூட முத்துப்பேச்சி பயப்படவில்லை. அந்தத் திட்டின் படத்தை எடுத்துக்கொண்டு முதல் ஆஸ்பத்திரிக்குப் போய், எல்லாரும் உட்கார்ந்திருக்கிற இடத்தில் விரித்துக் காட்டினாள்.

"இது சுத்தமாய்யா? இதுதான் சுத்தமா? உங்க வீட்டுத் தரையில இப்படி ஒன்னு கிடந்தா சுத்தம்னு சொல்லுவீகளா?"

சில சமயம் கேமராவில் தெரியாமல் போகும் என்று அவர்கள் சொன்னது உண்மைதான். அவளுடைய கோபமும் உண்மைதான்.

அடுத்த வருஷம் திரும்பவும் வரச் சொல்லியிருந்தார்கள். இங்கேதான் முத்துப்பேச்சி கோட்டை விட்டாள். முதல் நாள் தெளிந்த தண்ணீராக மட்டும் குடிக்க வேண்டும், சாயங்காலத்துக்குமேல் பேதி மருந்து குடிக்க வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். அவள் எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டு, உடம்புக்குத் தெம்பு வேண்டுமே என்று சொந்தக் கடைக் கொட்டையை ஆட்டிப் பால் எடுத்து, கருப்பட்டி தட்டிப் போட்டு, ஒரு செம்பு பருத்திப்பால் குடித்துவிட்டுப் போனாள். குடிக்கிறதுதானே, கடிக்கிறதில்லையே என்பது அவளுடைய நியாயம். மறுநாள் குடலெல்லாம் சந்தனம் பூசிய மாதிரி அப்பிக்கிடந்தது. அதன்மேல் நீலத்தைத் தெளித்தால் பாசி பிடித்த ஊருணி மாதிரிப் பச்சையாகிவிட்டது. டாக்டர் கேமராவை உருவிவிட்டார்.

"அழுக்குமேல சாயம் அடிச்சா அழுக்குத்தாம்மா தெரியும். வேற தேதி தாரேன். ஒரு பருப்புகூட உள்ள இருக்கக் கூடாது. சிவப்புக் கலர் எதுவும் குடிச்சிராதீங்க, ரத்தமோன்னு தோணும். இன்னொரு தட்டைக் கட்டி இருந்து, அதைத் தப்பவிட்டா நான் பொறுப்பில்லை."

அந்த வார்த்தை முத்துப்பேச்சியின் நெஞ்சில் முள்ளாகக் குத்தி நின்றது.

புதுத் தேதி ஒரு வியாழக்கிழமை. அந்த வாரத்தில்தான் மருதுபாண்டி கடைக்கு வந்தார். ஜோதிகாவுக்கு மல்லாங்கிணற்றில் மாப்பிள்ளை அமைந்துவிட்டது, பையன் பேர் ராம்குமார், புதன்கிழமை நம் வீட்டில் பூ வைக்கிறோம் என்றார்.

"வியாழக்கிழமை எனக்கு ஆஸ்பத்திரிடா. தள்ளி வை."

"அத்தைக்காரிக்குக் குடல் பார்க்கணும், முகூர்த்தத்த மாத்துங்கன்னு அவுககிட்டச் சொல்லவா? நீ பாட்டுக்கு வா. முன்னால நில்லு. வாயை மட்டும் மூடிக்க."

"சரி, வாரேன். நீ எப்பப் பார்க்கப் போற? உனக்கும் அதே ரத்தம்தான்."

"எனக்கு ஒன்னும் இல்லக்கா. கல்யாணம் முடியட்டும்."

முத்துப்பேச்சி அள்ளிக்கொண்டிருந்த தவிட்டை மூட்டையிலேயே திரும்பக் கொட்டினாள். "இதே வார்த்தைய, இதே எடத்துல, இதே மாதிரி சாஞ்சு நின்னுக்கிட்டு மாரியண்ணன் சொன்னாரு. அவருக்கு நான் மாலை வாங்கிட்டு வந்தேன். உனக்கும் அதே கடையில சொல்லி வைக்கவா?"

"அபசகுனமாப் பேசாத."

"போலே. புதன்கிழமை வாரேன். வாயை மூடிக்கிறேன். பேச்சுக்கும் மூடிக்கிறேன், சோத்துக்கும் மூடிக்கிறேன்."

பின்பாதி மருதுபாண்டியின் காதில் ஏறவில்லை. கோபக்காரி பேச்சில் பாதியைத்தான் யாரும் கேட்பது.

அவர்கள் வகையறாவில் ஒரு வழக்கம் உண்டு. பூ வைத்தபிறகு முதல் பந்தியில் பெண்ணின் அத்தையும் மாப்பிள்ளையின் தாயும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார வேண்டும். அத்தை ஒரு வாய் எடுத்தால்தான் மாப்பிள்ளை வீட்டார் கை நனைப்பார்கள். பிறந்த வீட்டில் அத்தைக்குக் குறையில்லை, அவளுக்கு இந்தச் சம்பந்தத்தில் சம்மதம் என்று அதற்கு அர்த்தம். அத்தை கை நனைக்கவில்லை என்றால் ஏதோ வில்லங்கம்.

புதன்கிழமை காலையில் முத்துப்பேச்சி பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, எலுமிச்சை பிழிந்து வடிகட்டி உப்பும் சர்க்கரையும் போட்ட தண்ணீரை ஒரு பாட்டிலில் ஊற்றிக்கொண்டு, நரிக்குடி பஸ்ஸில் ஏறினாள். விசேஷ வீட்டில் சிவப்புக் கலர் கொடுத்தார்கள். வேண்டாம் என்றாள். காப்பி கொடுத்தார்கள். பாலைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றாள். சேலைத் தலைப்புக்குள்ளிருந்து பாட்டிலை எடுத்து ஒரு மடக்குக் குடித்துவிட்டு உள்ளே வைத்துக்கொண்டாள்.

"தண்ணியக்கூட வீட்டுல இருந்து கொண்டாந்திருக்காக" என்று மல்லாங்கிணற்றுக் கூட்டத்தில் ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னாள்.

பூ வைத்தாயிற்று. ஜோதிகாவின் தலையில் மல்லிகை கனத்தது. பந்தி போட்டார்கள். மாப்பிள்ளையின் தாய் ஒச்சம்மாள் உட்கார்ந்தாள். பக்கத்து இலையில் முத்துப்பேச்சி உட்கார்ந்தாள். சோறு விழுந்தது, பருப்பு விழுந்தது, நெய் விழுந்தது. முத்துப்பேச்சி இரண்டு கையையும் மடியில் கட்டிக்கொண்டாள்.

பந்தி முழுக்கக் காத்திருந்தது. வடை ஆறியது.

"அத்தாச்சி, எடுங்க" என்றாள் ஒச்சம்மாள்.

"நீங்க சாப்பிடுங்க."

"நீங்க கை வைக்காம நாங்க எப்படி வைக்கிறது?"

மருதுபாண்டியின் பெண்டாட்டி கஸ்தூரி ஓடி வந்தாள். "மதினி, ஒரு பருக்கை. நாக்குல வச்சுட்டுத் துப்பிருங்க."

"ஒரு செம்பு பாலுக்கே போன தடவை எல்லாம் பச்சையாப் போச்சு."

கஸ்தூரிக்கு ஒன்றும் புரியவில்லை. மாப்பிள்ளையின் மாமன் அங்கிருந்தே குரல் கொடுத்தார். "என்ன விசயம்னு வெளிப்படையாச் சொல்லிருங்க. உங்க மகனுக்குப் பொண்ணக் கேட்டு இவுக குடுக்கலையோ? முறைக்காரன் மனக்குறை இருக்கப்ப நாங்க தட்டிக்கிட்டுப் போனா நல்லா இருக்காது."

முத்துப்பேச்சிக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. "எம் மகனா? அவனுக்கு இன்னும் மீசையே ஒழுங்கா மொளைக்கல. பள்ளிக்கூடமே அவனை வேணாம்னு விட்டுருச்சு. அந்தப் பிள்ளை என்ன பாவம் பண்ணுச்சு?"

"அப்ப ஏன் சாப்பிட மாட்டேங்கிறீக?"

மருதுபாண்டி வந்து இலைக்கு முன்னால் குத்தவைத்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "எம் மக வாழ்க்கையைக் கெடுக்கவா வந்த?" என்றார், பல்லுக்குள்.

"வாயை மூடிக்கச் சொன்ன. மூடியிருக்கேன்."

"ஒரு வாய்தானேக்கா."

"அந்த ஒரு வாய் நாளைக்கு நீலத்துல மிதக்கும். அதுக்கு அடியில என்ன கிடக்குன்னு தெரியாது. உம் மக பூவுக்காக எங் குடலை அடகு வைக்க முடியாது." பிறகு நிமிர்ந்து, பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னாள். "நான் ஏன் கை நனைக்கலைன்னு எந் தம்பிக்குத் தெரியும். நான் சொல்ல மாட்டேன், வாக்குக் குடுத்திருக்கேன். அவன் சொல்லட்டும்."

எல்லாத் தலையும் மருதுபாண்டி பக்கம் திரும்பியது.

"அக்காவுக்கு இன்னைக்கு விரதம்" என்றார் அவர்.

"புதன்கிழமையிலயா? எந்தச் சாமிக்கு?" என்றாள் ஒச்சம்மாள்.

மருதுபாண்டிக்கு ஒரு சாமிகூட ஞாபகம் வரவில்லை. மாப்பிள்ளையின் மாமன் துண்டை உதறித் தோளில் போட்டார். "எந்திரிங்கப்பா. ஒளிவுமறைவு உள்ள எடம் நமக்கு வேணாம்." வரிசையில் நாலைந்து பேர் எழுந்தார்கள். வாசலில் செருப்புத் தேடும் சத்தம் கேட்டது.

உள்ளறைக் கதவோரம் நின்ற ஜோதிகா தலையில் இருந்த பூவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அதை மருதுபாண்டி பார்த்துவிட்டார். அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"எங்க அண்ணன் மாரடைப்புல சாகல" என்றார். "குடல்ல கேன்சரு. எங்க ரத்தத்துல வாரதுன்னு டாக்டர் சொன்னாரு. அக்காவுக்கும் ஒரு கட்டி இருந்துச்சு, சாயம் தெளிச்சுக் கண்டுபிடிச்சு எடுத்துட்டாக. நாளைக்கு மறுபடியும் பார்க்கணும், வயித்துல ஒன்னும் இருக்கக் கூடாது. அதான் சாப்பிடல. நாந்தான் சொல்லக் கூடாதுன்னேன்." அவர் நிறுத்தினார். பிறகு யாரும் கேட்காமலே சொன்னார். "எனக்கும் ரத்தம் போகுது. பொங்கலுக்கு முன்னால இருந்து போகுது."

இது முத்துப்பேச்சிக்கும் தெரியாது. அவள் முகம் ஒரு நொடி செத்துப் பிழைத்தது. பிறகு, கை வைக்காத இலையை அப்படியே தள்ளிவிட்டு எழுந்தாள். நெய்ச் சோறு மருதுபாண்டியின் வேட்டியில் சரிந்தது.

"பொங்கலுக்கு முன்னால இருந்தா? பொங்கலுக்கு எங் கையால கரும்பு வாங்குனியே, அன்னைக்கும் போச்சா? எம் முன்னால வந்து நின்னு, ஒன்னும் இல்லைன்னு, எங் கண்ணப் பார்த்துச் சொன்னியேலே. மாரியண்ணனத் தூக்கையில தலைமாட்டுல நின்னது நீ. கால்மாட்டுல நின்னது நான். அவரு எடை எவ்வளவு இருந்துச்சுன்னு உனக்குத் தெரியாதா? ஒரு தவிட்டு மூட்டை கனங்கூட இல்லையேடா. வெக்கமா? செத்தா வெக்கம் போயிருமா? நீ செத்தபெறகு இந்தப் பிள்ளைக்குப் பூ வைக்க எவன் வருவான்?"

அவரை அடிக்கக் கை ஓங்கினாள். ஓங்கிய கை இறங்க இடம் தெரியாமல் அந்தரத்தில் நின்றது. கஸ்தூரிதான் ஓவென்று அழுதாள். அவளுக்கும் அன்றைக்குத்தான் தெரியும்.

ஒச்சம்மாள் மெதுவாகத் தன் இலையைவிட்டு எழுந்தாள். அவள் முகமும் கடுகடுவென்றுதான் இருந்தது. "நோவு எந்த வீட்டுல இல்ல. மறைச்சதுதான் எனக்கு ஆகல" என்றாள் மருதுபாண்டியிடம். "நாளைக்கு எம் பேரன் பேத்திக்கும் பார்க்கணும்னா யாரு வந்து சொல்லியிருப்பா? இன்னைக்கு நாங்க கை நனைக்கல. வச்ச பூவை எடுக்கவும் இல்ல. நீங்க போய்ப் பார்த்துட்டு, உள்ளத உள்ளபடி வந்து சொல்லுங்க. அப்புறம் இலை போடுங்க."

அத்தனை சோறும் அன்றைக்கு ஆட்டுக்கும் மாட்டுக்கும் போனது. நரிக்குடிப் பக்கத்து ஆடுகள் பாயாசம் குடித்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

மறுநாள் மதுரையில் முத்துப்பேச்சியின் குடல் கழுவிவிட்ட வெண்கலப் பானை மாதிரி இருந்தது. நீலம் மூலைமுடுக்கெல்லாம் ஓடியது. ஏறாத திட்டு ஒன்றுகூட இல்லை. "இப்படித்தாம்மா இருக்கணும்" என்றார் டாக்டர். அவள் சந்தோஷப்படவில்லை. "எந் தம்பிக்கு ஒரு தேதி குடுங்க. வரலைன்னா கயித்தைக் கட்டி இழுத்துட்டு வாரேன்" என்றாள்.

கயிறு தேவைப்படவில்லை. அந்த வாரமே மருதுபாண்டி வந்தார். பருத்திப்பால், கஞ்சித் தண்ணீர் எதுவும் வாயில் படாமல், முதல் நாள் முழுக்க முத்துப்பேச்சி கடை வாசலில் அவரை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்துக் காவல் காத்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. பேதி மருந்தைக் கலக்கி டம்ளரை நங்கென்று வைப்பாள், அவர் குடிப்பார். அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் சாயம் இரண்டு கட்டிகளைக் காட்டிக்கொடுத்தது. எழுந்து நின்ற ஒன்றிலிருந்துதான் ரத்தம். இன்னொன்று மடிப்புக்குள் தட்டையாகக் கிடந்தது; நீலம் இல்லாவிட்டால் தெரிந்திருக்காது என்றார் டாக்டர். இரண்டையும் எடுத்தார்கள். சோதனை முடிவு வரும்வரை முத்துப்பேச்சி கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் எரிந்து விழுந்தாள். புற்றாகவில்லை என்று வந்த அன்றைக்கு இன்னும் மோசமாக எரிந்து விழுந்தாள்.

ஆவணியில் திரும்ப இலை போட்டார்கள். ஒச்சம்மாள் உட்கார்ந்தாள். பக்கத்தில் முத்துப்பேச்சி உட்கார்ந்தாள். முதல் வாய் எடுத்து மென்றுவிட்டு, "சாம்பார்ல உப்பு இல்ல" என்றாள். அதைக் கேட்டதும் மல்லாங்கிணறே கை நனைத்தது.

தம்பியிடம் அவள் இன்னும் பேசுவதில்லை. அடுத்த தேதி எப்போது என்று கஸ்தூரியிடம்தான் போன் போட்டுக் கேட்கிறாள். அவர் பக்கத்தில் நிற்பது தெரிந்தால், "மறந்துட்டா மாலைக்குச் சொல்லிருவேன்னு சொல்லு" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு வைப்பாள்.

இதுவரைக்கும் எழுதியாகிவிட்டது. எழுதிய தாள்களைப் பருத்திக்கொட்டை மூட்டைக்கு அடியில் செருகி வைத்தது தப்பு. அந்தக் கடையில் முத்துப்பேச்சி கை படாத மூட்டை கிடையாது. எட்டாவது வரைக்கும் படித்தவள், எழுத்துக்கூட்டிக் கடைசி வரைக்கும் படித்துவிட்டாள்.

"ஏழு தாலுகாவுல எங் குடலு மாதிரி கிடையாதோ? போய் எல்லார் குடலையும் அளந்துட்டு வந்தியாலே?"

"சும்மா ஒரு இதுக்கும்மா."

"அது கிடக்கட்டும். பெஞ்சுல உக்காந்து உங்கப்பா அழுதாருன்னு எழுதியிருக்க. அன்னைக்கு லோடு வந்துருச்சுன்னு அவரு கடையில இருந்தாரு. எங்கூட மதுரைக்கு வந்தது நீ ஒருத்தன்தான். ஸ்ட்ரெச்சர்ல வெளிய வரப்ப எனக்கு மயக்கம் பாதி தெளிஞ்சிருந்துச்சுலே. சட்டையால மூஞ்சிய மூடிக்கிட்டு அழுதது யாரு?"

அவிழ்ந்து கிடந்த தவிட்டு மூட்டையைக் கட்டுகிற வேலை அவசரமாக வந்துவிட்டது.

"மறைச்சதுக்குத்தான் உங்க மாமன்கிட்ட இத்தன நாளா நான் பேசல. அதை அடிச்சிட்டு யாருன்னு எழுது. எழுதிட்டு வந்து சோத்துல கை வை."